வில்லியம் வில்பர்போஸ் சரித்திரம்

புறச்சமயி ஒருவருடைய சரித்திரம் சைவப் பத்திரிகையிலே வருதல் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். அதிலும், நமது சமயத்தைப் பாராளுமன்றத்திலே பகிரங்கமாக இழித்துப் பேசிய ஒருவருடைய சரித்திரத்தை எழுதுதல் தகுமோ என வினாவுவாரும் உளராவர். தகும் என்பதே நமது துணிபு. சரித்திர பாடம் படிப்பிக்கும் சைவ உபாத்தியாயர்கள் அடிமை வியாபாரம் ஒழிந்த கதையை மாணாக்கருக்குச் சொல்லும்போது வில்லியம் வில்பர்போஸ் என்னும் பெயரைச் சொல்லாது விடுதல் இயலாது. அக்கதை பெரும்பாலும் ஒரு பாதியாகவே சொல்லப்படுகின்றது. மற்றப் பாதி 1813ஆம் வருஷத்திலே நிகழ்ந்தது. அது பாரத தேசத்துக்கும் நமது இலங்கைக்கும் மிக நெருங்கிய சம்பந்தமுடையது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி, சமய வைராக்கியம் அரசியலிற் புகுந்தால் யாது செய்யும் என்பது விளங்காது.

இவர் இங்கிலாந்தின் வடகீழ்ப் பாகத்திலுள்ள ஹல் என்னும் துறைமுகப் பட்டினத்திலே 1759ஆம் வருஷம் ஆகஸ்டு மாசம் 24ஆந் திகதி பிறந்தார். பால்டிக் கடற்கரை நாடுகளோடு வியாபாரஞ் செய்து திரவியம் ஈட்டிய குடும்பம். இளமையிலே தந்தையார் இறந்தமையால், இலண்டனுக்கு அருகிலே வாழ்ந்த தந்தையாருடைய சகோதரர் வீட்டிலே சிலகாலம் வளர்ந்தார். அச்சகோதரருடைய மனைவியார் மெதடிஸ்தருடைய பிரசங்கங்களிலே ஈடுபட்டவர். மெதடிஸ்தர் என்றாற் கனவான்கள் நகைக்கும் காலம் அது. பிள்ளைக்கும் அந்தப் பித்து ஏறுகின்றது என்று கேள்வியுற்ற தாயாரும் பாட்டனாரும் அஞ்சி, 1771ஆம் வருஷத்தளவில் அவரை ஹல்லுக்கு மீட்டுக்கொண்டு போய், நாடகசாலையிலும் விருந்துகளிலும் பழக்கி அதனைத் தெளிவித்தார்கள். சமயப்பற்று மிகுந்தாற் பிள்ளை உலகத்துக்கு ஆகாமற் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுதல் நமது ஊருக்கு மாத்திரம் உரியதன்று.

பின்பு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே 1776ஆம் வருஷஞ் சேர்ந்தார். அங்கே படித்ததிலும் சீட்டாடியதே அதிகம் என்று தாமே பிற்காலத்திலே வருந்தினார். 21 வயசு நிரம்பிய சில நாட்களுள்ளே, 1780ஆம் வருஷம், ஹல் நகரத்துக்குப் பாராளுமன்ற அங்கத்தவராகத் தெரிவுசெய்யப்பட்டார். அதற்குச் செலவான பணம் 8,000 பவுணுக்கு மேல். வாக்காளருக்குப் பணங்கொடுத்தலும் விருந்தளித்தலும் அக்காலத்து இங்கிலாந்திலே நாணப்படும் காரியமல்ல. நாலு வருஷஞ் செல்லுமுன் யோர்க்ஷயர் என்னும் பெரிய கோட்டத்தின் அங்கத்தவரானார். ஆள் மிகச் சிறியவர், கண்பார்வை குறைந்தவர், குரலோ கேட்டோரைப் பிணிக்குந் தன்மையது. மேசையொன்றின்மேல் ஏறிநின்று பேசத்தொடங்கியபோது இறாலாகக் காணப்பட்டவர் பேசப்பேசத் திமிங்கிலமாக வளர்ந்தார் என்று அன்று கேட்டிருந்த பொஸ்வெல் என்னும் எழுத்தாளர் எழுதிவைத்தார். அவ்வருஷத்திலே மந்திரி பதவியிலிருந்த வில்லியம் பிட் இவருக்கு உயிர்த்தோழர். இனி இவருக்குக் கிடையாத பதவி இல்லையென எல்லோரும் எண்ணினர்.

இந்நிலையிலே இவர் மனம் மாறியது. 1784ஆம் வருஷக் கடைசியிலே தாயார் முதலானோரோடு பிரான்சு தேசத்துக்குப் பிரயாணஞ் செய்தபொழுது ஐசாக் மில்னர் என்பவரைத் துணையாக அழைத்துச் சென்றார். மில்னர் ஹல் நகரப் பள்ளிக்கூடத்திலே முன்னர்த் துணை உபாத்தியாயராயிருந்தவர், கணிதத்திலே பேர்பெற்றவர். வண்டியிலிருந்தபடியே இருவரும் டொட்றிஜ் என்பவர் இயற்றிய பக்திநூலொன்றையும், அடுத்த வருஷப் பிரயாணத்திலே கிரேக்க மொழியிலுள்ள புதிய ஏற்பாட்டையும் வாசித்துத் தர்க்கித்தார்கள். தர்க்கம் முடிந்தபோது செல்வரும் நகைச்சுவைப் பேச்சினருமாகிய வில்பர்போஸ் தம்மைப் பெரும்பாவி என்று நினைந்து உறக்கமின்றித் தவிப்பவரானார். 1785ஆம் வருஷ முடிவிலே, ஒருவருக்குந் தெரியாமல், ஜோன் நியூற்றன் என்னும் முதிய பாதிரியாரைத் தேடிச்சென்றார். வாயிலை அணுகியும் உட்செல்லத் துணியாது தெருவைச் சுற்றிவந்தே கதவைத் தட்டினாராம். அந்த நியூற்றன் இளமையிலே அடிமைக்கப்பல் நடத்திய தலைவர் என்பதை உபாத்தியாயர்கள் குறித்துக்கொள்க. உலகத்தை விட்டு ஒதுங்கிவிடலாமோ என்று வினாவிய இளைஞருக்கு, அரசியலிலேயே நின்று பணிசெய்தல் வேண்டும் என்று நியூற்றன் புத்தி சொன்னார். பிட்டுடைய எண்ணமும் அதுவேயாயிற்று. ஒரு பாதிரியார் கொடுத்த இந்தப் புத்தியிலிருந்தே பின்வந்தன யாவும் பிறந்தன.

இவர் சார்ந்த சுவிசேஷ பக்ஷத்தார் யாவர் என்பதை இங்கே கூறவேண்டும். வெஸ்லி, உவைற்பீல்ட் முதலியோருடைய பிரசங்கங்களினாலே 18ஆம் நூற்றாண்டில் எழுந்து, இங்கிலாந்துத் திருச்சபைக்கு உள்ளும் புறம்பும் பரவிய கூட்டத்தார் அவர். பைபிளே பிரமாணம் என்பதும், ஒவ்வொருவனும் தன் பாவத்தைத் தானே உணர்ந்து கிறிஸ்துவினுடைய மரணத்தைப் பற்றி மீட்சி பெறவேண்டும் என்பதும், அவ்வாறு மீண்டவன் சும்மா இருத்தலாகாது என்பதும் அவர்களுடைய கொள்கை. முதலிரண்டும் கோயிலோடு அமையும். மூன்றாவதே அவர்களை அரசியலுக்கு இழுத்தது. நமது சாத்திரங்கள் கூறும் சத்திநிபாதத்துக்கு அவர்களுடைய மனமாற்றத்தை ஓரளவிற்கு உவமையாகச் சொல்லலாம். ஆனால் நமது சித்தாந்திகள் பிற சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் பகுத்து, அவையெல்லாம் ஆன்மாக்களின் பக்குவத்துக்கேற்பச் சிவபெருமான் வகுத்த படிகள் என்பர். அப்பக்ஷத்தாருக்குப் படிகள் இல்லை. ஒரு வாயிலே உண்டு. அதனுட் புகாதவன் கெட்டொழிவான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வில்பர்போஸ் செய்தன எல்லாம் ஒழுங்காக விளங்கும்.

1787ஆம் வருஷம் அக்டோபர் மாசத்திலே தமது நாட்குறிப்பில், கடவுள் தமக்கு இரண்டு பெருங்காரியங்களை விதித்தார் என்று எழுதினார். அடிமை வியாபாரத்தை ஒழித்தல் ஒன்று; தேசத்தாருடைய ஒழுக்கத்தைத் திருத்துதல் மற்றொன்று.

அடிமை வியாபாரம் எவ்வாறு நடந்ததெனின்: இங்கிலாந்திலிருந்து துணி, துப்பாக்கி முதலியவற்றை ஏற்றிய கப்பல்கள் மேற்கு ஆபிரிக்காக் கரைக்குச் செல்லும். அங்கே அவற்றுக்கு மாற்றாக மனிதரைக் கொண்டு, மேற்கிந்திய தீவுகளிலே கரும்புத்தோட்ட முதலாளிமாருக்கு விற்கும். விற்ற பணத்துக்குச் சருக்கரை ஏற்றிக்கொண்டு மீளும். பிரித்தானியக் கப்பல்கள் இவ்வாறு ஏற்றிய ஆபிரிக்கர் 30 லட்சத்துக்கு மேற்பட்டவர் என்று சரித்திரகாரர் கணக்கிடுகின்றனர். 1781ஆம் வருஷத்திலே சோங் என்னுங் கப்பலின் மாலுமிகள் 130 பேருக்கு மேற்பட்ட அடிமைகளை உயிரோடு கடலில் எறிந்தார்கள். பின்னர் நீதிமன்றத்திலே நடந்த வழக்கோ கொலை வழக்கன்று. இழந்த சரக்குக்குக் காப்புறுதிப் பணங் கேட்ட வழக்கு. இலிவர்பூல், பிறிஸ்தல் என்னும் பட்டினங்கள் இவ்வியாபாரத்தாற் கொழுத்தன. தோட்ட முதலாளிமாரோ பாராளுமன்றத்திலேயே அமர்ந்திருந்தார்கள்.

இதனை எதிர்க்க முதலில் எழுந்தவர் வில்பர்போசு அல்லர். குவேக்கர் என்னுஞ் சிறு சமயக் கூட்டத்தார் முன்னரே எழுந்தனர். 1787ஆம் வருஷத்திலே இலண்டனிற் கூடிய சங்கத்து முதலங்கத்தவர் பன்னிருவருள் ஒன்பதின்மர் குவேக்கரே. கிளார்க்சன் என்பவர் துறைமுகந்தோறுங் குதிரைமேற் சென்று மாலுமிகளிடஞ் சாட்சியந் திரட்டினார். அடிமையாயிருந்து விடுதலைபெற்ற இக்குவியானோ என்னும் ஆபிரிக்கர் 1789ஆம் வருஷத்திலே தமது சரித்திரத்தைத் தாமே எழுதி அச்சிட்டார். அடிமைகளைக் கப்பலின் அடித்தட்டிலே அடுக்கிய முறையைக் காட்டும் படம் வீடுகளிலே தொங்கியது. மேற்கிந்தியச் சருக்கரையை விலக்கிய குடும்பங்கள் பல. வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த தேசத்திலே, வாக்கில்லாதவரும் விண்ணப்பத்திற் கையொப்பமிடலாம், பத்திரிகை வாசிக்கலாம், சருக்கரையை விடலாம் என்னும் வழி அப்பொழுதே நன்கு திறக்கப்பட்டது. 1792ஆம் வருஷத்தில் மாத்திரம் 519 விண்ணப்பங்கள் பாராளுமன்றத்துக்கு வந்தன. இவற்றையெல்லாம் வாங்கிச் சபையிலே வைத்துப் பேசும் வாயாக வில்பர்போஸ் இருந்தார். இவர் இறந்த பின்பு இவருடைய புத்திரர்கள் ஐந்து பாகங்களில் எழுதிய சரித்திரத்திலே கிளார்க்சனுடைய உழைப்பைத் தாழ்த்தி எழுதி, பின்னர் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்படி நேர்ந்தது. சரித்திரம் எழுதுவோர் புத்திரராயிருத்தல் பெரும்பாலும் நன்றன்று.

1789ஆம் வருஷம் மே மாசம் 12ஆந் திகதி இவர் மூன்றரை மணி நேரம் பேசினார். 1791ஆம் வருஷத்திலே வாக்கெடுத்தபோது 88க்கு 163ஆகத் தோல்வி. அடுத்த வருஷத்திலே சபை இணங்கியது. ஆனால் டண்டாஸ் என்னும் மந்திரி, படிப்படியாக ஒழிப்போம் என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். அந்தச் சொல்லிலே 15 வருஷம் போயிற்று. பிரான்சிலே அரசன் தலை வீழ்ந்து யுத்தம் மூண்டது. சான் டொமிங்கோத் தீவிலே அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். சீர்திருத்தம் என்று வாய்திறந்தவனெல்லாம் இராசத்துரோகி எனப்பட்டான். 1796ஆம் வருஷத்திலே நாலே நாலு வாக்கினால் மசோதா தோற்றது. ஆதரவாளர் சிலர் அன்றிரவு புதிய இசை நாடகம் பார்க்கச் சென்றிருந்தனர். கடைசியிலே வழி கண்டவர் இவருடைய சகோதரியை மணந்த ஜேம்ஸ் ஸ்தீபன் என்னும் நியாயதுரந்தரர். அவர் ஆலோசனைப்படி 1806ஆம் வருஷத்திலே, எதிரிகளுடைய தீவுகளுக்குப் பிரித்தானியர் அடிமைகளைக் கொடுத்தல் யுத்தகாலத்திலே தேசத்துரோகம் என்னும் முறையில் ஒரு சட்டங் கொண்டுவரப்பட்டது. தருமத்தைப் பேசாது யுத்தத்தைப் பேசிய அச்சட்டம் எளிதில் நிறைவேறி, வியாபாரத்தின் பெரும்பாகத்தை முறித்தது. 1807ஆம் வருஷம் பெப்ரவரி மாசம் 23ஆந் திகதி இரவு 16க்கு 283ஆக முழுத்தடை மசோதா வென்றது. றொமிலி என்னும் அரசாங்க நியாயவாதி இவரைப் புகழ்ந்தபோது சபை முழுதும் ஆரவாரித்தது. இவரோ தலைகுனிந்து அழுதார்.

இனி, இரண்டாவது காரியமாகிய ஒழுக்கத் திருத்தத்தைச் சிறிது சொல்லுவோம். இவருடைய வேண்டுகோளின்படி 1787ஆம் வருஷத்திலே அரசர் பாவச்செயல்களை அடக்கும்படி பிரகடனஞ் செய்தார். 1802ஆம் வருஷத்திலே துர்ச்செயல் அடக்கற் சங்கம் ஒன்று தோன்றியது. அது ஏழைகளுடைய துர்ச்செயலை மாத்திரம் அடக்குகின்றது, 500 பவுணுக்கு மேல் வருமானமுடையாரை அணுகுவதில்லை என்று சிட்னி சிமித் என்னும் பாதிரியாரே பரிகசித்தார். நம்மவருக்கு இதனினும் உபயோகமானது ஹன்னா மோர் அம்மையாருடைய பள்ளிக்கூடங்களின் செய்தி. செடர் என்னும் மலைநாட்டுக் கிராமத்தவர் கல்வியும் சமயமுமின்றி வாழ்தலை 1789ஆம் வருஷத்திலே நேரிற் கண்ட வில்பர்போஸ், பணத்தைத் தாந் தருவதாகவும் பள்ளியை அவ்வம்மையார் நடத்தும்படியும் ஏற்பாடுசெய்தார். ஏழைப் பிள்ளைகள் அங்கே பைபிளை வாசிக்கக் கற்றார்கள். எழுத்து மாத்திரம் கற்பிக்கப்படவில்லை! எழுதக் கற்றால் ஏழை தன்நிலை கடந்து போவான் என்பது அக்காலத்து அச்சம். வாசித்தல் ஆன்மாவுக்கு, எழுதுதல் உலகத்துக்கு என்று பகுத்து ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுத்த அப்பள்ளிகளைப் பற்றி நம் உபாத்தியாயர்கள் சிந்தித்தல் வேண்டும். பின்னாளிலே நமது கிராமங்களில் எழுந்த மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு அவை முன்னோடிகள்.

இலண்டனுக்கு அருகிலுள்ள கிளாப்பம் என்னும் ஊரிலே இவரும் இவருடைய நண்பர்களும் அயலயலாகக் குடியிருந்தார்கள். வங்கி நடத்திய ஹென்றி தோண்டன், அடிமைத் தோட்டங்களை நேரிற் கண்டு வெறுத்த சக்கறி மெக்காலே, வங்காளத்திலே கவர்னர் ஜெனரலாயிருந்து மீண்ட ஜோன் ஷோர், கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரிகளுள் ஒருவராகிய சாள்ஸ் கிராந்து என்போர் அவர். சர்ச்சு மிஷன் சங்கம் 1799ஆம் வருஷத்திலும், பைபிட் சங்கம் 1804ஆம் வருஷத்திலும் இவர்களுடைய உதவியோடு தோன்றின. இவருள்ளே கிராந்தினாலேயே நமது கதைக்கு மற்றப் பாதி வருகின்றது.

கிராந்து வங்காளத்திலே பலவருஷம் உத்தியோகம் பார்த்தவர். இந்துக்களுடைய ஒழுக்கம் மிகவுங் கெட்டது, அதற்குக் காரணம் அவர்களுடைய சமயம், அதற்கு மருந்து கிறிஸ்து சமயமும் இங்கிலீசுக் கல்வியும் என்று ஒரு நூல் எழுதி நண்பர்களுக்குக் காட்டினார். வில்பர்போஸ் அதனை முற்றாக நம்பினார். கும்பினியின் பட்டயம் 1793ஆம் வருஷத்திலே புதுப்பிக்கப்பட்டபோது, உபாத்தியாயர்களையும் மிஷனரிமாரையும் இந்தியாவுக்கு அனுப்பவேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்க்க முயன்று தோற்றார். கும்பினிக்காரருக்குச் சமயத்திலும் இலாபம் பெரிது. சமயத்தைத் தொட்டாற் குடிகள் கிளம்புவர் என்று அஞ்சினார்கள். 1806ஆம் வருஷத்திலே வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றியிற் சமயக்குறி அணியலாகாது, புதுவகைத் தொப்பி அணியவேண்டும் என்ற கட்டளை அதற்கு ஒரு காரணமாயிருந்தமை அந்த அச்சத்தை வளர்த்தது.

ஆகவே 1813ஆம் வருஷத்திலே பட்டயம் மறுபடியும் சபைக்கு வந்தபோது இவர் முன்னைய ஆயுதத்தையே எடுத்தார். அடிமை வியாபாரத்துக்கு எதிராகப் பழகிய கைகள் மீண்டும் கையொப்பந் திரட்டின. சில மாசங்களுள்ளே 800க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்துசேர்ந்தன. கையொப்பமிட்டோர் ஏறக்குறைய 5 லட்சம் பேர். இந்தியாவை ஒருநாளும் பாராத நெசவாளரும் கொல்லரும் கடைக்காரரும் இந்தியருடைய ஆன்மாவைக் குறித்துப் பாராளுமன்றத்தை நெருக்கினார்கள். எதிர்ப்பக்கத்திலே இந்தியாவை அறிந்தோர் நின்றமை நோக்கத்தக்கது. 80 வயசு முதியவராகிய உவாரன் ஹேஸ்திங்சு சாட்சியஞ் சொன்னார். சென்னை மாகாணத்திலே நெடுங்காலம் பணிபுரிந்த தோமஸ் மன்றோ, நாகரிகத்தை ஏற்றுமதிச் சரக்காகக் கொண்டால் இந்தியாவிலிருந்து அதனை இறக்குவதனால் இங்கிலாந்துக்கே இலாபமாகும் என்னுங் கருத்துப்படப் பேசினார். சென்னையிலே நியாயவாதியாயிருந்த சாள்ஸ் மார்ஷ் சபையிலே எதிர்த்து வாதித்தார். சாள்ஸ் ஸ்துவாட் என்னும் படைத்தலைவரோ 1808ஆம் வருஷத்திலேயே இந்துக்களுக்காகக் கண்டன நூல் எழுதியவர்.

1813ஆம் வருஷம் யூன் மாசம் 22ஆந் திகதி வில்பர்போஸ் செய்த பிரசங்கம் அவருடைய வாழ்நாளில் மிக நீண்டவற்றுள் ஒன்று. கிறிஸ்து சமயம் உயர்ந்தது, தூயது. இந்துக்களுடையது இழிந்தது, கொடியது, காமமுடையது என்னும் பொருள்படக் கூறினார். உடன்கட்டை ஏறுதலையும் சிசுக்கொலையையும் ஜகந்நாத்திலே தேர்க்காலில் விழுதலையும் எடுத்துக்காட்டினார். சாதி வேற்றுமையைக் கொடுமையென்று கண்டித்தார். அடிமை வியாபாரத்துக்கு அடுத்தபடியாக, இந்தியரைக் கிறிஸ்தவராக்க முயலாதிருத்தலே இங்கிலாந்தின் பெரிய தேசியபாவம் என்பது அவருடைய நெடுநாட் கருத்து. 36க்கு 89ஆக வாக்கு வென்றது. கும்பினி மறுத்தாலும் மேற்சபையிடம் அனுமதி பெற்று மிஷனரிமார் செல்லலாம் என்று சட்டமாயிற்று. கல்கத்தாவுக்கு ஒரு பிஷப் நியமிக்கப்பட்டார். அதே பட்டயத்திலே கல்விக்காக வருஷந்தோறும் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. இராசாங்கம் கல்விக்குப் பொறுப்பேற்கத் தொடங்கியது அதிலிருந்தே.

இவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. கிராந்து, புக்கானன், சீராம்பூர்ப் பாதிரியாராகிய உவார்டு என்போர் எழுதியவற்றையே கண்டார். அவை பெரும்பாலும் வங்காளத்தையும் ஒரிசாவையும் பற்றியவை. திருமுறையும் மெய்கண்ட சாத்திரமும் வழங்கும் ஒரு நாடு உண்டென்பதை இவர் கேட்டதற்கு அடையாளம் அப்பிரசங்கத்தில் இல்லை. சிவஞானபோதம் 1854ஆம் வருஷத்திலேதான் ஆங்கிலத்திலே அச்சேறியது. மொழிபெயர்த்தவர் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹொய்சிங்ரன் பாதிரியார். இவர் செய்த பிழை பொய்கூறியதன்று. ஒரு சமயத்தை அதன் நூலாலும் அடியாராலும் அளவாது, அதன் கெட்ட வழக்கங்களால் அளந்ததே பிழை. அந்தக் கோலால் அளந்தால் அடிமைக்கப்பலை நடத்திய கிறிஸ்தவ இங்கிலாந்து எவ்வாறு அளக்கப்படும் என்பதை அவரே நன்கு அறிவார். அதனாலேயே அடிமை வியாபாரத்தைத் தேசியபாவம் என்றார். தம் சமயத்தைப் பாவத்தினின்றும் வேறாகப் பிரித்துக் காணும் கண் அவருக்கு இருந்தது. நமது சமயத்தை அவ்வாறு பிரித்துக் காண அவர் ஒருப்படவில்லை.

ஆயினும் சாதியைக் குறித்து அவர் சொன்னதற்கு நாம் சொல்லும் விடை யாது? திருநாளைப்போவாரும் திருநீலகண்டத்து யாழ்ப்பாணரும் நம் நாயன்மாருள் வைத்து வணங்கப்படுகின்றார்கள் என்போம். அந்த விடை பெரியபுராணத்திலே நிறைந்திருக்கின்றது; நமது தெருக்களிலே நெடுங்காலம் காணப்படவில்லை. 1968ஆம் வருஷத்திலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்ததை நேரிற் கண்டவர் இன்னும் நம்மிடையே உளர். வில்பர்போஸ் இறந்து 135 வருஷஞ் சென்ற பின் நிகழ்ந்தது அது. அடிமையும் இந்துவும் தம்மைப்போலக் கடவுளுடைய பிள்ளைகள், ஆதலால் மீட்கப்படவேண்டியவர்கள் என்ற ஒரே எண்ணமே அவரை 1807இலும் 1813இலும் நடத்தியது. ஒன்றுக்காக வாழ்த்தி மற்றொன்றுக்காக அவரைக் கபடி என்பார் அவரை அறியாதவர். வேர் ஒன்று, கிளை இரண்டு.

இலங்கை 1802ஆம் வருஷந்தொட்டு முடியரசின் நேராட்சியிலிருந்தமையால் இங்கே வருவதற்குக் கும்பினியின் அனுமதி வேண்டியதில்லை. 1814ஆம் வருஷத்திலே வெஸ்லியன் மிஷனரிமார் வந்திறங்கினார்கள். அவர்களை அழைத்துப் புறப்பட்ட தோமஸ் கோக் என்பவர் கடலிலே இறந்தார். அவர் அதற்கு முன்னைய வருஷத்திலே, தம்மை இந்தியாவுக்குப் பிஷப்பாக்க உதவும்படி வில்பர்போசுக்குக் கடிதம் எழுதியவர். அமெரிக்க மிஷன் 1816ஆம் வருஷத்திலும், சர்ச்சு மிஷன் 1818ஆம் வருஷத்திலும் வந்தன. கிளாப்பம் ஊராருடைய கை அதனோடு நிற்கவில்லை. கிராந்துடைய மகன் கிளெனெல்க் பிரபு 1835 முதல் 1839 வரை குடியேற்ற நாடுகளின் மந்திரி. ஸ்தீபனுடைய மகன் ஜேம்ஸ் ஸ்தீபன் 1836 முதல் 1847 வரை அக்காரியாலயத்தின் நிரந்தர அதிகாரி. பௌத்த விகாரைகளோடு இலங்கை அரசாங்கத்துக்கு இருந்த தொடர்பை அறுக்கும்படி 1839ஆம் வருஷத்திலே வெஸ்லியன் பாதிரியாராகிய ஸ்பென்ஸ் ஹாடி நூல் எழுதியபோது, அதனை விருப்பத்தோடு கேட்கத்தக்க செவிகள் அக்காரியாலயத்தில் இருந்தன. பிரசங்கம், அச்சுக்கூடம், பாடசாலை, விண்ணப்பம் என்னும் இக்கருவிகளின் வலியை நமது நாட்டிலே முதலில் நன்கறிந்து கையாண்டவர் ஆறுமுகநாவலரவர்கள் என்பது நம் வாசகருக்குச் சொல்லவேண்டியதன்று.

வில்பர்போசுடைய உள்நாட்டு அரசியல் வேறொரு முகம். தொழிலாளர் சங்கங்களைத் தடுத்த 1799ஆம் வருஷச் சட்டத்தை ஆதரித்தார். விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டங்களுக்கும் கைதூக்கினார். தொலைவிலுள்ள கறுத்த அடிமைக்கு இரங்குபவர் பக்கத்திலே பட்டினிகிடக்கும் வெள்ளைக் கூலியாளனைக் காணார் என்று கொபெற் என்னும் பத்திரிகாசிரியர் ஓயாது ஏசினார். ஏச்சிலே உண்மை உண்டு. பெண்கள் வீடுவீடாகச் சென்று அடிமைநீக்கத்துக்குக் கையொப்பம் வாங்குதலும் இவருக்குப் பிடிக்கவில்லை. படிப்படியாக வேண்டாம், உடனே ஒழிக்க என்று 1824ஆம் வருஷத்திலே துணிந்தெழுதியவர் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் ஒரு பெண்ணே. தமது பணத்திலோ இவர் கைகட்டியவரல்லர். பலகாலமாக வருமானத்திற் காற்பங்குக்குக் குறையாமல் தருமஞ் செய்தார். உரோமன் கத்தோலிக்கருக்கு அரசியலுரிமை கொடுத்தலை முதலில் எதிர்த்தவர், 1813ஆம் வருஷந்தொட்டு அதற்கு இணங்கினார். இவருடைய புத்திரர் நால்வரில் மூவர் பிற்காலத்திலே கத்தோலிக்கரானமை விதியின் விளையாட்டென்க.

1825ஆம் வருஷத்திலே சரீர பலவீனத்தால் பாராளுமன்றத்தை விட்டு விலகினார். பக்ஸ்ரன் என்பவர் இவருடைய இடத்தில் நின்று, வியாபாரம் மாத்திரமன்றி அடிமைத்தனமே ஒழியவேண்டுமென்று போராடினார். 1831ஆம் வருஷ முடிவிலே யமேக்காத் தீவிலே சாமுவேல் ஷாப் என்னும் அடிமை நடத்திய கிளர்ச்சியும் இங்கிலாந்தை அசைத்தது. மூத்த மகன் பால்வியாபாரத்திலே பெரும்பொருள் இழந்தமையால், வில்பர்போஸ் தமது வீட்டை வாடகைக்கு விட்டுப் புத்திரர் வீடுகளிலே மாறிமாறி வசித்தார். 1833ஆம் வருஷம் யூலை மாசம் 26ஆந் திகதி அடிமைநீக்க மசோதா நிறைவேறுதல் உறுதியாயிற்று என்ற செய்தியைப் படுக்கையிலிருந்து கேட்டார். மூன்றாம் நாள், 29ஆந் திகதி, 73ஆம் வயசிலே இறந்தார். வெஸ்மின்ஸ்ரர் ஆலயத்திலே பிட்டுடைய சமாதிக்கு அருகே அடக்கஞ் செய்தார்கள்.

அச்சட்டத்தால் ஏறக்குறைய 8 லட்சம் அடிமைகள் விடுதலைபெற்றார்கள். ஈடாக 2 கோடி பவுண் கொடுக்கப்பட்டது. அடிமைகளுக்கன்று, அவர்களை உடையவர்களுக்கு. அதற்கு வாங்கிய கடனின் கடைசிப் பாகம் 2015ஆம் வருஷத்திலேதான் தீர்ந்தது என்று பிரித்தானியத் திறைசேரி தெரிவித்தது. கூலிக்கு ஆளின்றிப் போன தோட்டமுதலாளிமார் 1834ஆம் வருஷந்தொட்டு இந்தியரை மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றினார்கள். அவர்களுள்ளே தமிழரும் உளர்.

சட்டத்தை எழுதியவர் மேற்கூறிய இளைய ஜேம்ஸ் ஸ்தீபன். 66 பிரிவுகளையும் ஒரு சனிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமைக்குள் எழுதி முடித்தார். 64ஆம் பிரிவை நம்மவர் வாசித்தல் வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினியின் நாடுகளுக்கும், சென் எலேனாத் தீவுக்கும், இலங்கைக்கும் இச்சட்டஞ் செல்லாது என்பது அது. அப்பொழுது யாழ்ப்பாணத்திலே கோவியர், நளவர், பள்ளர் என்போர் அடிமைகளாக எழுதப்பட்டிருந்தார்கள். ஒல்லாந்தர் 1707ஆம் வருஷத்திலே தொகுப்பித்த தேசவழமையிலே அவர்களுக்கென ஒரு பகுதியே உண்டு. பிரதம நீதியரசர் அலக்சாந்தர் யோன்ஸ்ரனுடைய முயற்சியால், ஒல்லாந்த வம்சத்தவர் முதலிய அடிமையாளர் பலர் 1816ஆம் வருஷம் ஆகஸ்டு 12ஆந் திகதிக்குப்பின் தம்மடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சுயாதீனராக விட உடன்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலே காரியம் இன்னும் மெல்லவே நடந்தது. 1844ஆம் வருஷத்து 20ஆம் இலக்கச் சட்டத்தினாலேதான் இலங்கை முழுவதிலும் அடிமைத்தனம் அற்றது. அச்சட்டம் நமது மடங்களிலோ கோயிற் சபைகளிலோ பிறந்ததன்று. அவ்வருஷத்திலே நாவலரவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிலே உபாத்தியாயராயிருந்து, பர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பிலே துணைசெய்துகொண்டிருந்தார்கள்.